பெயிண்ட் அடித்த கப்போர்டில் ஓரப்பட்டை கழன்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் சமையலறைக் கப்போர்டுகள் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்து, பலகையின் வெட்டு விளிம்பை மறைக்க மரத்தில் சீவிய நீளப் பட்டை (மரப்பட்டை) ஒட்டி, மேலே வெள்ளை எனாமல் அடித்தவை. சன்மைகா ஒட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று வீட்டில் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். முதல் தடவை ஒரு பட்டை தூக்கியபோது அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி அதன் மேல் வைத்தேன். புதுப் பட்டை ஒட்ட அதுதான் வழி, கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பட்டையில் சூடு வைத்தால் பசை இளகுவதற்குள் எனாமல் கொப்பளித்துவிடும். ஒரு விரல் நீளத்துக்குப் பழுதாக இருந்ததை ஒரு ஷட்டர் (கப்போர்டுக் கதவு) முழுவதற்கும் பழுதாக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு என் வீடு, தங்கை வீடு, மாடி வீட்டு மாமி வீடு என்று நிறைய ஷட்டர்களைப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் கோளாறு பட்டையிலோ பசையிலோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேறொரு விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும், அல்லது ஷட்டர் எங்கோ உரசிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் பசை வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி தூக்கும்.

கை வைப்பதற்கு முன்

என்ன பட்டை? கீல் மறைக்கும் உள்பக்கத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். நார் நாராக மரம் வந்தால் மரப்பட்டை. வழவழப்பான சுருளாக வந்தால் பிவிசி பிளாஸ்டிக். மரப்பட்டை சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் கடையில் சுருளாக விற்கும் வெனீர் பட்டை. 5, 6 மி.மீ. தடிமன் என்றால் ஆசாரி இழைத்து ஒட்டிய கட்டை. அதை லிப்பிங் என்றும் பீடிங் என்றும் சொல்வார்கள்.

என்ன பசை? தூக்கியிருக்கும் இடத்தில் எட்டிப் பாருங்கள். ரப்பர் போல இழுபட்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் எஸ்ஆர் 998 வகை ரப்பர் பசை. ஒரு சொட்டு தண்ணீர் பட்டுச் சற்று நேரத்தில் வெளுத்து மெத்தென்று ஆனால் வெள்ளை ஃபெவிகால். இரண்டும் இல்லாமல், சூடான கரண்டிக் காம்பு பட்டதும் பிசுபிசுத்தால் பட்டையோடு வந்த சூட்டுப் பசை.

ஈரம் இருக்கிறதா? விரலால் தொட்டால் சில்லென்று இருந்தால் அன்று எதுவும் செய்யாதீர்கள். ஷட்டரைக் கழற்றி நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் வளையும்.

பெயிண்ட் எவ்வளவு பழையது? வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் என்றால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். வாட்டர் பேப்பரை லேசாக நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

தேவைப்படுபவை: மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சும் தடித்த ஊசியும், வெள்ளை ஃபெவிகால், மாஸ்கிங் டேப், கூரான பிளேடு, அகலமான உளி, 120, 220, 320 நம்பர் உப்புத்தாள், பிளாஸ்டிக் கவர் சுற்றிய நேரான ரீப்பர் குச்சி ஒன்று. ஃபெவிகால் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, அதனால்தான் கவர்.

அறிகுறி: முனை மட்டும் தூக்கியிருக்கிறது

இதுதான் அதிகம் வருவது, எளிதில் தீர்வதும் இதுதான்.

முதலில் உரசலைப் பாருங்கள். ஷட்டரை மெதுவாக மூடும்போது பக்கத்து ஷட்டரில் இடிக்கிறதா? ஒரு காகிதத்தை இடுக்கில் விட்டு மேலிருந்து கீழே இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கேதான் வினை. ஆட்டோ கீலில் இரண்டு திருகுகள் இருக்கும். பெரும்பாலான கீல்களில் ஷட்டர் பக்கம் இருப்பது ஷட்டரை இடவலமாக நகர்த்தும், உள்ளே இருப்பது முன்பின்னாக நகர்த்தும். அரைச் சுற்று திருப்பிப் பார்த்து, மூடிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. இதைச் செய்யாமல் பசை வைப்பது வீண் வேலை.

உரசவில்லை என்றால் அடுத்தது துணி. முனை கூராக விடப்பட்டிருந்தால் துடைக்கிற துணியின் நூல் மாட்டி இழுக்கும். ஒட்டிய பிறகு 220 உப்புத்தாளால் முனையை ஒரு துளி மழுக்கிவிட்டால் போதும்.

ஒட்டுவது எப்படி: இடுக்கில் இருக்கும் தூசியை ஊதி, மடித்த உப்புத்தாளை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். ஃபெவிகாலில் சில சொட்டு தண்ணீர் கலந்து சிரிஞ்சில் ஏற்றி உள்ளே விடுங்கள். அழுத்தினால் ஓரத்தில் பசை லேசாகப் பிதுங்க வேண்டும். பிதுங்கியதை ஈரத் துணியால் உடனே துடையுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. பிறகு மாஸ்கிங் டேப்பை ஒரு முகத்திலிருந்து விளிம்பைத் தாண்டி மறுமுகம் வரை இறுக்கி இழுத்து ஒட்டுங்கள். ராத்திரி முழுக்க விடலாம், அதற்கு மேல் விட்டால் டேப் எடுக்கும்போது பெயிண்டும் கூட வரும்.

இடுக்கில் பழைய சூட்டுப் பசையோ ரப்பர் பசையோ தடித்து இருந்தால் ஃபெவிகால் மரத்தைத் தொடவே தொடாது. பிளேடால் சுரண்டி எடுத்த பிறகுதான் ஊசி. நகக்கண் அளவு முனை என்றால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு வேலையை முடித்துவிடும். ஆனால் அது பட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை பூக்கும். அடர் நிறப் பெயிண்டில் அசிங்கமாகத் தெரியும்.

அறிகுறி: நடுவில் உப்பியிருக்கிறது, தட்டினால் டொக்கென்கிறது

ஒரு ரூபாய் நாணயத்தால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மாறும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

விரலால் அழுத்தினால் படிந்து, விட்டதும் எழும்புகிறதா? பசை விட்டிருக்கிறது. பட்டையின் நார் ஓடும் திசையிலேயே பிளேடால் ஓர் அங்குலம் கீறி, ஊசியால் பசை ஏற்றி, ரீப்பர் குச்சியை வைத்து டேப்பால் கட்டுங்கள். குறுக்கே கீறினால் அந்தக் கோடு எத்தனை கோட் அடித்தாலும் தெரியும்.

அழுத்தினால் உள்ளே குழிகிறதா? பட்டைக்குப் பின்னால் பிளைவுட்டில் ஓட்டை இருக்கிறது. விலை குறைந்த பிளையில் நடு அடுக்குகளைச் சேர்க்கும் இடத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். பசை அதை நிரப்பாது. கீறலை விரித்து அரால்டைட் போன்ற இரண்டு டியூப் பசையை மரத்தூளோடு குழைத்து உள்ளே திணித்து, மறுநாள் தேய்த்துச் சமமாக்குங்கள்.

அயர்ன் பாக்ஸ் இங்கே ஒரே ஒரு சூழ்நிலையில் உதவும். அந்த ஷட்டருக்கு எப்படியும் முழுதாகப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள், பட்டையும் சூட்டுப் பசைப் பட்டைதான் என்றால், விளிம்பில் உள்ள பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் மரத்தின் மேல் சூடு வைக்கலாம்.

அறிகுறி: பட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் நெடுக மயிரிழை விரிசல்

இது பழுதே இல்லை என்று சொல்லும் ஆசாரிகள் உண்டு, அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தடித்த லிப்பிங் கட்டை ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊறிப் பருக்கும், மாசி பங்குனியில் சுருங்கும். பிளை அந்த அளவுக்கு அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் மேலே பாலம் போட்டிருக்கும் பெயிண்ட் கிழிகிறது, அவ்வளவுதான். எனாமல் வயதாக ஆகக் கடினமாகும், அதனால் பழைய பெயிண்டில்தான் இது முதலில் தெரியும்.

உறுதி செய்ய: விரிசலின் மேல் நகத்தை வைத்து லிப்பிங்கை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். அசையவில்லை என்றால் மூட்டு நன்றாக இருக்கிறது, பெயிண்ட் மட்டும்தான் விட்டிருக்கிறது. அசைந்தால் மேலே சொன்ன ஊசி வைத்தியம், கூடவே இரண்டு மூன்று சி கிளாம்ப்.

பெயிண்ட் மட்டும் விட்டிருந்தால், எல்லோரும் செய்வது போல பட்டி (குழியும் விரிசலும் நிரப்பும் மாவு) வைத்துத் தேய்க்காதீர்கள். (பட்டை வேறு, பட்டி வேறு. ஃபோனில் ஆசாரியிடம் பேசும்போது இந்த இரண்டும் மாறி எனக்கு ஒரு நாள் கூலி போயிருக்கிறது.) பட்டி காய்ந்தால் கண்ணாடி மாதிரி, அடுத்த வருடம் அதே கோட்டில் வெடிக்கும். பிளேடு முனையால் விரிசலை ஒரு மயிரிழை அகலப்படுத்தி, பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட்டை விரலால் தேய்த்து நிரப்பி, ஈரத் துணியால் வழித்து, காய்ந்ததும் பெயிண்ட் அடியுங்கள். சிலிக்கான் சீலன்ட் கூடவே கூடாது. அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. சுரண்டி எடுத்த பிறகும் அந்த இடத்தில் மீன்கண் போலக் குழி விழும். இந்த வேலையைக் காய்ந்த மாதங்களில், விரிசல் அகலமாகத் திறந்திருக்கும்போது செய்வது நல்லது.

அறிகுறி: விளிம்பு பருத்திருக்கிறது, பெயிண்ட் வெடித்திருக்கிறது, சிங்க் பக்கத்தில்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பட்டையைத் தொடாதீர்கள். கைபேசிக் கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஷட்டரின் அடிவிளிம்பைப் படம் எடுங்கள். பத்தில் எட்டு வீட்டில் அங்கே பட்டையும் இருக்காது, பெயிண்டும் இருக்காது என்றுதான் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாது என்பதால் விட்டுவிடுவார்கள். தரை துடைக்கும் ஈர மாப் தினம் தினம் அங்கே பட்டு, பூச்சில்லாத வெறும் பிளை ஊறி, ஈரம் மேலே ஏறி, பக்கவாட்டுப் பட்டையை உள்ளிருந்து தள்ளுகிறது. கழன்றது பக்கவாட்டில், காரணம் அடியில்.

அடிவிளிம்பு நன்றாக இருந்தால் அடுத்து குழாய். சிங்கின் கழிவுக் குழாய் இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். பேப்பர் நனைந்தால் இணைப்பை இறுக்குங்கள், வாஷர் மாற்றுங்கள். அதுவும் நன்றாக இருந்தால் மேடைக் கல். கிரானைட்டின் முன்விளிம்புக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு) வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேடையில் வழிகிற தண்ணீர் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து ஷட்டரின் மேல்விளிம்பில் இறங்கும். காடி இல்லாவிட்டால், அடியில் நெடுக ஒரு கோடு சீலன்ட் இழுத்தாலே தண்ணீர் அங்கே தடுக்கிச் சொட்டிவிடும். கல்லுக்கு அடியில் பெயிண்ட் வேலை இல்லை, அதனால் இங்கே சிலிக்கானே போதும். ஷட்டர்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நின்ற பிறகு, காயவைத்த பிறகு, சேதத்தை அளக்கலாம்.

பிளைவுட், அடுக்குகள் லேசாகத்தான் பிரிந்திருக்கின்றன: பேனாக்கத்தி நுனி அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போகவில்லை என்றால் பிழைக்கும். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் தாங்கும் வகை ஃபெவிகாலை ஊசியால் ஏற்றி, இரண்டு பக்கமும் கவர் சுற்றிய பலகைத் துண்டு வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு விளிம்பைத் தேய்த்துப் புதுப் பட்டை.

பிளைவுட், கத்தி சுலபமாக உள்ளே போகிறது, கறுத்து நாறுகிறது: அந்தப் பகுதியை அறுத்து எறிந்துவிட்டு அதே அளவு தேக்குக் கட்டையை அடியில் ஒட்டலாம். இதற்கு ரம்பமும் நேரான வெட்டும் வேண்டும், ஆசாரி வேலை.

எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை): ஊறிப் பருத்த எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. லேசான பருமன் என்றால் நன்றாகக் காயவிட்டு, தேய்த்துச் சமமாக்கி, பிசிறு நிற்கும் விளிம்பில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பூசிக் காயவைத்து மறுபடி தேய்த்து பிரைமர் அடியுங்கள். விரலால் கிள்ளினால் உதிர்கிறதென்றால் ஷட்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றும்போது சிங்கின் அடிக்காவது ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளை கேளுங்கள். ஐஎஸ் 303இல் எம்ஆர் என்று போட்டிருப்பது ஈரம் ஓரளவே தாங்கும். கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் அதற்கு மேல். முத்திரை பலகையின் மேல் இருக்கும். வெட்டிய பிறகு பார்க்க முடியாது, வெட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

அறிகுறி: அடுப்புப் பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கழல்கிறது

குக்கரை எங்கே வைக்கிறீர்கள்? மாடி வீட்டு மாமியிடம் இதைக் கேட்டபோது, “ஏம்ப்பா, அடுப்புல வைக்காம வேற எங்க வைப்பா?” என்றார். குக்கர் விசிலின் ஆவி நேராகப் போய் மேல் கப்போர்டின் அடிவிளிம்பில் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய குக்கரை முன் பர்னருக்கு மாற்றினார், ஒட்டிய பட்டை இதுவரை நிற்கிறது.

இடம் மாற்ற முடியாதென்றால் பசையை மாற்ற வேண்டும். அயர்னால் ஒட்டும் பட்டையின் பசை சூட்டில் இளகுவதற்கென்றே செய்தது, ஆவிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வெள்ளை ஃபெவிகாலும் தொடர்ந்த சூட்டில் பிடி தளரும். இரண்டு டியூப் பசையோ, சூடு தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் ரப்பர் பசையோதான் இங்கே சரி. மின் அடுப்பான ஓவனுக்குப் பக்கத்து ஷட்டராக இருந்தால் ஒட்டும் வேலையை விட்டுவிட்டு, ஓவனுக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: பட்டை அப்படியே இருக்கிறது, பெயிண்ட் தோல் மாதிரி உரிகிறது

பட்டை பிவிசி. சொரசொரப்பாக்காமல் மேலே எனாமல் அடித்திருக்கிறார்கள். உரிகிற வரை உரித்து எடுங்கள், அரைகுறையாக ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். 320 பேப்பரால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கோட், பிறகு பெயிண்ட். தங்கை வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். கைப்பிடி இல்லாமல் விளிம்பைப் பிடித்தே திறக்கும் ஷட்டர்களில் மட்டும் மறுபடி உரிந்தது. அங்கே பிவிசியைப் பிய்த்துவிட்டு மரப்பட்டை போட்டுவிட்டோம்.

பட்டை மரப்பட்டையாக இருந்தும் உரிகிறதென்றால் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது ஒட்டும்போது துடைக்காமல் விட்ட பசைப் பூச்சு. பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் துடைத்து, காயவிட்டு, தேய்த்து, பிரைமரிலிருந்து ஆரம்பியுங்கள்.

அறிகுறி: வெள்ளைப் பெயிண்டில் மஞ்சள், பழுப்புக் கறை

பட்டை தேக்கு. மரத்தின் எண்ணெயும் சாயமும் பெயிண்டைத் தாண்டி வருகின்றன. மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் வந்துகொண்டேதான் இருக்கும். தேய்த்து மரத்தைக் கொண்டுவந்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்து மூடிவிட்டு பிரைமர் அடியுங்கள். கறை வளையமாக, கீழே அடர்ந்து மேலே வெளுத்து இருந்தால் அது தேக்கு இல்லை, தண்ணீர். சிங்க் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: பட்டையில் சில்லு போயிருக்கிறது, அல்லது தேய்த்ததில் பிளையின் அடுக்குக் கோடு தெரிகிறது

சில்லு சிறியதென்றால் எம்சீல் அல்லது பட்டி. ஓர் அங்குலத்துக்கு மேலென்றால் ஒட்டு போடுங்கள். பழைய பட்டையைச் சேதமான இடத்துக்கு இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி எடுத்து, புதுத் துண்டையும் அதே சாய்வில் வெட்டிப் பொருத்துங்கள். நேர்க்கோட்டு ஒட்டு பெயிண்டில் தெரியும், சாய்வு ஒட்டு அவ்வளவாகத் தெரியாது. அரை மில்லிமீட்டர் பட்டையை மெஷின் வைத்துத் தேய்த்தால் இரண்டு நொடியில் அடுக்கு தெரிந்துவிடும். அப்படித் தேய்ந்துபோனதற்குப் பட்டி பூசி மறைக்கலாம், ஆனால் முனையில் பட்டி நிற்காது, பட்டையை மாற்றுவதே மேல்.

அறிகுறி: பட்டைக்கு அடியிலிருந்து பொடி கொட்டுகிறது

நிறுத்துங்கள். எதையும் ஒட்டாதீர்கள். பொடியைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுப்பொடி விழுந்து, குண்டூசித் துளைகள் தெரிந்தால் வண்டு. மண்ணால் கட்டிய குழாய் போன்ற தடம் தெரிந்தால் கரையான். இரண்டுக்கும் பூச்சி மருந்து அடிப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும். துளையைப் பட்டை ஒட்டி மூடினால் மருந்து போகும் வழியையும் மூடியது போலாகும்.

பட்டையை முழுதாக மாற்ற வேண்டி வந்தால்

பாதி நீளத்துக்கு மேல் விட்டிருந்தால் ஊசி வேலையில் மாரடிக்க வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள். உளியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் பழைய பட்டை நீளமாக வரும். ஒட்டிய மிச்சத்தையும் பெயிண்டையும் சுரண்டி, 120 பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்து வெறும் பிளையைக் கொண்டுவாருங்கள். ரப்பர் பசை மிச்சத்தைத் தின்னர் துணியால் துடைக்கலாம். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தின்னர் வாடை முழுக்கப் போகும்வரை அயர்ன் பாக்ஸைச் செருகக் கூடாது.

18 மி.மீ. பிளைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை. நீளத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். ஷட்டரின் இரண்டு முகத்திலும் விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப் போடுங்கள், உளி வழுக்கினால் கீறல் டேப்பில் விழட்டும்.

முகப் பெயிண்டும் போகட்டும், எல்லாவற்றையும் மறுபடி அடிக்கப் போகிறேன் என்பவர்கள் அயர்ன் பாக்ஸ் பட்டை போடலாம். தண்ணீர் இல்லாமல், காட்டன் சூட்டில், மெதுவாக நகர்த்தி, பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். பசை பிடிப்பது சூட்டிலா என்றால், பாதிதான். மீதி அந்த அழுத்தத்தில். ஏசி ஓடும் அறையில் பலகை குளிர்ந்து பசை படியுமுன் உறைந்துவிடும், ஏசியை அணைத்துவிடுங்கள். முகப் பெயிண்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் சூட்டைத் தொடுவதில்லை. பசை பூசாத வெனீர் பட்டை வாங்கி, இரண்டு பக்கமும் எஸ்ஆர் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஒரு முனையிலிருந்து படியவைப்பேன். வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது, ஒரே வாய்ப்பு. பட்டை தேக்கு என்றால் ஒட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் தின்னரால் துடையுங்கள். எண்ணெய் மரம், பசை வழுக்கும்.

பிதுங்கி நிற்கும் ஓரத்தை உளியின் தட்டைப் பக்கத்தை ஷட்டர் முகத்தில் படியவைத்துச் சீவுங்கள். நார் பிளந்துகொண்டு உள்ளே போவது போலத் தெரிந்தால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். கடைசியாக 220 பேப்பரால் முனையை மழுக்குங்கள். கூரான முனையில் பெயிண்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிவிடும், முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

பெயிண்ட்: பிரைமர் ஒரு கோட் அடித்ததும் நார் சிலிர்த்து நிற்கும், பயப்பட வேண்டாம். 220இல் தேய்த்து, மெல்லிய பட்டி, 320, மறுபடி பிரைமர், பிறகு எனாமல் இரண்டு கோட், நடுவே ஒவ்வொரு ராத்திரி. பழைய வெள்ளை எனாமல் மஞ்சளடித்திருக்கும், அதே டப்பா வாங்கினாலும் நிறம் பொருந்தாது. அதனால் நடுவில் திட்டாகத் தொடாமல் விளிம்பு முழுவதையும் மூலை முதல் மூலை வரை அடித்து, முனைக் கோட்டில் நிறுத்துங்கள். வெளிச்சம் விழும் கோணம் அங்கே மாறுவதால் வித்தியாசம் கண்ணில் படாது.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்த ஷட்டர் என்றால் பட்டையை நீங்கள் ஒட்டலாம், பெயிண்டை ஒட்டுப் போட முடியாது. பிரஷ்ஷில் அந்த வழவழப்பு வராது. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்தை ஸ்ப்ரேயில் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆபத்து, துணி மாஸ்க் தடுக்காது. அதற்கான கூடமும் முகமூடியும் வைத்திருப்பவரிடம் ஷட்டரைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அடுக்குகள் பிரிந்து ஷட்டர் வளைந்திருந்தாலும், கீல் திருகு பிடிக்காத அளவுக்கு மரம் மெத்தென்று ஆகியிருந்தாலும் ஆசாரிதான்.

ஒரு ஷட்டருக்காகக் கூப்பிட்டால் வருவதற்கே யோசிப்பார். வீட்டைச் சுற்றி நாணயத்தால் தட்டி, சந்தேகமானவற்றை எல்லாம் பென்சிலால் குறித்து, ஒரு நாள் வேலையாகச் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: “அடிவிளிம்புக்கும் பட்டை வேணும்ண்ணே, பிரைமராவது அடிச்சுடுங்க.” சரி என்பார், வேலை மும்முரத்தில் மறந்தும் போவார். ஷட்டரைத் திரும்ப மாட்டும் முன் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாட்ட விடாதீர்கள்.